கீழே இறங்கிய பானைகள்

“நான் மேல வச்ச பானையெல்லாம், தண்ணி எடுத்துட்டு வாரதுக்குள்ள தரைக்கு எறங்கிருதுக்கா.”

சின்னாளப்பட்டியிலிருந்து திண்டுக்கல் போகும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் இருந்த இளம்பெண் பக்கத்திலிருந்த மூத்தவளிடம் சொன்னாள். அவள் புதிதாகக் குடிவந்த வீட்டில் சாமான் அறை கிடையாதாம். அடுப்படியும் ஓர் ஆள் நிற்கும் இடம்தானாம்.

“எலி உருட்டியிருக்கும், தாயி.”

“எலியா புளி, பருப்பு, உப்புன்னு வரிசையா வைக்கும்? அரிசிப் பானையைப் பரண்ல ஏத்திட்டு, கதவைப் பூட்டிட்டுத்தான் போறேன். வந்து பாத்தா எல்லாம் அடுப்பைச் சுத்தி இருக்கு. ஒரு மணி அரிசிகூடச் சிந்தலை.”

மூத்தவள் குரலைத் தாழ்த்தினாள். “அங்க முன்ன இருந்தவளுக்குக் காலு வெளங்காது. உக்காந்தபடியே சமைப்பா. கைக்கு எட்டுற மாதிரி எல்லாத்தையும் தரையிலதான் வச்சிருப்பா. அந்த அடுப்படியிலதான் அவ உசுரும் போச்சு.”

“நீங்க சொன்னப்புறம்தான் எனக்கும் புரியுதுக்கா. எல்லாம் கீழ இருக்குறது எனக்கும் தோதாத்தான் இருந்துச்சு. அப்புறம் நானே பானையையெல்லாம் தரையில வைக்க ஆரம்பிச்சேன். தண்ணிக்குப் போறப்ப, ‘வாரேன்’னு சொல்லிட்டுக்கூடப் போவேன்.”

“யாருகிட்ட?”

“அடுப்படியைப் பாத்துத்தான்.”

“அடிப் பாவி! பதில் ஏதும் வந்துச்சா?”

“நேத்து வரைக்கும் வரலை. இன்னைக்குக் காலையில, ‘சீக்கிரம் வா’ன்னு கேட்டுச்சு. கொடத்தைக் கொழாயடியிலயே போட்டுட்டு, அம்மா வீட்டுக்குப் பஸ் ஏறிட்டேன்.”