வெள்ளைக் கொக்கியை வீடு சேர்த்தவருக்கு

வார்ப்புக் கூடத்தின் வெப்பம் முகத்தில் அறையும் முன்பே வணக்கம் சொல்லி வரவேற்றவரே, உருகும் பிளாஸ்டிக் குருணையின் உள்ளம் அறிந்தவரே, பொருளில் பிசிறு கண்டால் பொறுக்காதவரே, மனிதரில் பிழை கண்டால் பொறுத்தவரே, முப்பத்து நான்கு ஆண்டுகள் எங்கள் மாஸ்டராக நின்று இன்று மாலையோடு விடைபெறும் அன்புத் தம்பியே, வணக்கம்.

உங்களுக்கு முன்பே சோதனை மேசையிலிருந்து ஓய்வு பெற்றுப் போன என்னை இம்மடல் எழுத அழைத்து வந்தார்கள். "அக்கா, நல்ல தமிழா நாலு வரி எழுதிக் கொடுங்க. கேட்டா கை தட்டணும்" என்றார் ஸ்டோர்க்காரர். கை தட்டுவதற்கு உங்கள் உழைப்பு இருக்கிறது. என் பங்குக்கு ஒரு சேதி இருக்கிறது. அதைச் சொல்லவே வந்தேன்.

உங்கள் கையால் உருப்பெற்றவை எத்தனையோ. வாளிக்குக் கைப்பிடி, புட்டிக்கு மூடி, நாற்காலிக் காலுக்கு உறை, நடைவண்டிக்குச் சக்கரம். இவை போய்ச் சேரும் இடம் நமக்குத் தெரியும். கடைத்தெருவில் கண்டால் "நம்ம மூடி" என்று நின்று பார்த்துவிட்டு வருவோம். ஒன்று மட்டும் எங்கே போகிறதென்று தெரியாமலே இருந்தது. கட்டைவிரல் நகத்தளவு, வெள்ளை நைலான், மேலே உருண்டைத் தலை, கீழே ஒரு கொக்கி. கேட்டு வந்தவர் ஒரு தரகர். வரைபடம் வந்தது, அச்சு வந்தது, எதற்கு என்ற சொல் மட்டும் வரவில்லை.

முதல் மூட்டை கட்டிய அன்று, பொதிகட்டும் தங்கை சொன்னாள். "அநாதைக் கொக்கி மாஸ்டர் இது. எங்க போகுதுன்னு யாருக்குமே தெரியாது."

நீங்கள் சிரிக்கவில்லை. "அநாதைன்னு சொல்லாதம்மா. இது நம்ம பிள்ளை. வாழப்போற வீட்டு விலாசம்தான் நமக்குத் தெரியல."

அன்றிலிருந்து கூடத்தில் அதன் பெயர் பிள்ளை. ஊகங்களுக்குக் குறைவில்லை. கிளிக்கூண்டின் கதவுக்கு என்றார் எலக்ட்ரீசியன். "பெரிய மனுஷங்க கோட்டு மாட்டறதுக்கு" என்ற ஸ்டோர்க்காரரை, "உங்க கைக்குட்டையை மாட்டினாலே ஒடிஞ்சிடும், கோட்டாம் கோட்டு" என்று தங்கை அடக்கினாள்.

"ஒடியாது" என்று மட்டும் சொன்னீர்கள் நீங்கள்.

ஒடியாமல் இருக்க நீங்கள் பட்ட பாடு எங்களுக்குத் தெரியும். நைலான் குருணை காற்றின் ஈரத்தைக் களவாக உறிஞ்சும்; அப்படியே உருக்கினால் வார்ப்பின் மேல் வெள்ளிக்கோடு விழும். ஆகவே உருகும் முன் அதை உலர வைத்தீர்கள். வார்த்த பின்போ வறண்ட நைலான் மொறுமொறுவென்று முறியும். ஆகவே வெந்நீரில் ஊற வைத்தீர்கள். "காய வைக்கறதும் நீங்க, நனைய வைக்கறதும் நீங்க. ஏதாவது ஒண்ணு முடிவு பண்ணுங்க மாஸ்டர்" என்று எலக்ட்ரீசியன் கேலி பேச, "பிள்ளை வளத்தவங்களைக் கேட்டுப் பாருப்பா, ரெண்டும் வேணும்பாங்க" என்றீர்கள்.

வழுக்குப் பொடி தீர்ந்துபோன நாளையும் நாங்கள் மறக்கவில்லை. அந்தப் பொடியைக் குருணையோடு கலந்தால்தான் கொக்கி உரசாமல் வழுக்கும். லாரி வாசலில் நிற்கிறது, பொடி வந்து சேரவில்லை.

"இந்த ஒரு லோடு பொடி இல்லாம ஓட்டிடலாம் மாஸ்டர். பார்க்க ஒரே மாதிரிதான இருக்கு. யாருக்குத் தெரியப் போகுது?" என்றார் மேலாளர்.

"வழுக்கணும்னு கேட்டிருக்காங்க சார். அப்படின்னா இது எங்கேயோ ஓடுது. ஓடற இடத்துல ஒருத்தர் இருப்பாரு. அவருக்குத் தெரியும்."

"யாருய்யா அவரு?"

"அதைத்தான் சார் நானும் தேடிட்டிருக்கேன்."

இயந்திரம் நின்றது. லாரி வெறுமையாகத் திரும்பியது. மேலாளர் உங்களோடு சில நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. இன்று முன்வரிசையில் இருக்கும் அவர்தான், "அதையும் எழுதுங்கம்மா, நான்தான் அன்னைக்கு அவசரப்பட்டேன்" என்றார்.

அன்று மாலை என் மேசைக்கு வந்து, ஒரு பிள்ளையின் விளிம்பைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே சொன்னீர்கள். "அக்கா, நான் இங்கேருந்து போறதுக்குள்ள இது இருக்கற இடத்தை ஒரு தடவை பார்த்துடணும். அவ்வளவுதான்." உங்கள் வாயிலிருந்து நாங்கள் கேட்ட ஒரே ஆசை அது. அது நிறைவேறாமலே இந்தப் படியிறங்குவதாக நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். இல்லை, தம்பி. கேளுங்கள்.

சென்ற ஆண்டு என் கணவர் மருத்துவமனையில் கிடந்தார். பல நாள் வலிக்குப் பின் அவர் கண்ணயர்ந்த ஒரு மதியம், பக்கத்துக் கட்டிலுக்கு மருத்துவர் வந்ததால் செவிலியர் எங்களைச் சுற்றித் திரையை இழுத்தார். திரை ஓடி வந்து நின்றது. கணவரின் இமை அசையவில்லை. அண்ணாந்து பார்த்தேன். மேலே ஓர் அலுமினியத் தடம். அதில் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தார்கள் நம் பிள்ளைகள்.

நான் முக்காலியில் ஏறிவிட்டேன்.

"என்னம்மா, திரையைக் கழட்டி வீட்டுக்குக் கொண்டுபோகப் போறீங்களா?" என்றார் செவிலியர்.

"இல்லம்மா. எங்க பிள்ளைங்க இங்க இருக்காங்க. பார்க்கறேன்."

என்னையும் ஒரு கட்டிலில் படுக்கவைக்கலாமா என்பதுபோல் பார்த்தார். அச்சின் நான்காம் குழியில் நீங்கள் அடைத்த கீறல், அதில் வார்த்த ஒவ்வொன்றின் கழுத்திலும் அரிசி முனையளவு தழும்பாக விழுமே, அதைக் காட்டிக் கதை சொன்ன பிறகே நம்பினார். "பழைய வார்டுல திரையை இழுத்தா தூங்கறவங்க அத்தனை பேரும் எழுந்து உட்கார்ந்துடுவாங்கம்மா. இங்க யாரும் முழிக்கறதில்ல. ஏன்னு இப்பத்தான் தெரியுது."

விழித்ததும் கணவரிடம் சொன்னேன். உடனே உங்களிடம் ஓடிவரத் துடித்தவளை அவர்தான் நிறுத்தினார். "இப்ப சொன்னா ஒரு நாள் சந்தோஷம். வேலை முடிஞ்சு கிளம்பற அன்னைக்குச் சொல்லு. மனுஷனை வெறுங்கையோட அனுப்பாதே."

பிள்ளைகள் வீடு சேர்ந்திருந்த அந்த அறையிலிருந்து அவர் வீடு திரும்பவில்லை. ஆனால் கடைசி நாட்களில் நன்றாகத் தூங்கினார். அவர் சொல்லை இன்று நிறைவேற்றுகிறேன்.

அருமை மாஸ்டரே, நாளையும் இயந்திரம் வாய் திறக்கும். பிள்ளைகள் கூடையில் விழுவார்கள். ஒன்றை எடுத்து விளிம்பைத் தடவிப் பார்க்கும் கட்டைவிரல் மட்டும் இருக்காது. பிசிறு நறுக்கும் மேசையில் எல்லோரும் நீங்கள் நிற்கும் தூணின் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்ப்பார்கள். பழக்கம்தான். மறுநாளும் பார்ப்பார்கள்.

இம்மடலை மாட்டிய இந்தச் சட்டத்தின் கண்ணாடிக்குள், கையெழுத்துகளுக்கு மேலே இருக்கும் கொக்கி, திரையைச் சலவைக்குக் கழற்றிய நாளில் அந்தச் செவிலியர் தந்தது. கழுத்தில் தழும்பு இருக்கிறது, பாருங்கள்.

நோய் அண்டாமல், நொடி தீண்டாமல், நடை தளராமல் நெடுங்காலம் வாழ்க. அந்தத் திரைக்குள் படுக்கும் நாள் உங்களுக்கு வரவே வேண்டாம். ஆனால் நாளைக் காலை அங்கே ஒருமுறை போய் வாருங்கள். சொல்லி வைத்திருக்கிறேன், பிள்ளையைப் பார்க்க வந்தேன் என்றால் போதும், உள்ளே விடுவார்கள். யாரோ ஒருவர் தூங்கிக்கொண்டிருப்பார். திரையை மெல்ல இழுத்துப் பாருங்கள், தம்பி.

ஒன்றும் கேட்காது.

உங்கள் கட்டைவிரலுக்கு அஞ்சியும் அன்புக்கு ஏங்கியும் நிற்கும்
வார்ப்புக் கூடம், சோதனை மேசை, பொதிகட்டும் பிரிவு, ஸ்டோர், அலுவலகப் பணியாளர்கள் அனைவரும்