ஆறரைக் கட்டை

திவ்யா மேடம், பேச்சுப் பயிற்சிக்கு முன்னால் நிரப்பச் சொல்லி நீங்கள் கொடுத்த படிவம் நன்றாக இருக்கிறது. பெரிய எழுத்து, தெளிவான தமிழ். ‘கடந்த இரண்டு ஆண்டுகளில் நோயாளியின் பாட்டுப் பயிற்சியில் ஏதாவது மாற்றம் உண்டா?’ என்ற கேள்விக்கு மட்டும் ஒரே ஒரு கோடுதான் விட்டிருக்கிறீர்கள். எனக்கு அது பத்தாது. அதனால் தனித்தாளில் எழுதுகிறேன்.

என் தங்கை தமிழ்வாணிக்கு வயது பத்தொன்பது. பன்னிரண்டு வயதில் முழுக் கச்சேரி செய்தாள். பதினைந்தில் சென்னை மார்கழி மேடை. போன வருடம் மாநில அளவில் இளம் பாடகருக்கான முதல் பரிசு. எங்கள் தாத்தா பேரையூரில் அடுத்தவர் காட்டில் கூலி வேலை பார்த்தவர். அப்பாவுக்கு அவனியாபுரத்தில் லேத் பட்டறை. அந்த வீட்டிலிருந்து இப்படி ஒருத்தி வந்தால் அப்பா தலைகால் புரியாமல் ஆடத்தானே செய்வார்? அவரை நான் குறை சொல்லவில்லை.

முதலில் நாங்கள் இருவரும் சேர்ந்துதான் பாடினோம். அண்ணன் பாண்டிராஜ், தங்கை தமிழ்வாணி என்று நோட்டீஸில் என் பெயர்தான் முன்னால் இருக்கும். எனக்குப் பதினாலு வயதில் குரல் உடைந்தது. எல்லாப் பையன்களுக்கும் உடைவதுதான். அந்தச் சமயத்தில் ஒருநாள் சாயங்காலம் ஒரு கோயில் மண்டபத்தில் பாட்டு. காலையிலேயே அப்பாவிடம் சொன்னேன், சுருதியை இறக்கலாம், இல்லையென்றால் என்னை விட்டுவிடுங்கள் என்று.

“அம்புட்டுப் பேரையும் கூப்பிட்டாச்சுடா. எறக்குனா பாப்பாவுக்கு எடுபடாது. நீ சமாளி” என்றார்.

மேல் ஸட்ஜத்துக்குப் போனபோது என் தொண்டை கீச்சிட்டது. மண்டபமே சிரித்தது. முன்வரிசையில் இருந்த மாமா, “என்னா மாப்ள, சேவல் கூவுது?” என்றார். அதற்கும் சிரித்தார்கள். பக்கத்தில் ஒன்பது வயது வாணியும் என்னைப் பார்த்துச் சிரித்தாள். சிரித்துவிட்டு, நான் விட்ட இடத்திலிருந்து சுத்தமாக எடுத்துப் பாடி முடித்தாள். கைதட்டல் வெகுநேரம் கேட்டது.

அத்தோடு நான் பாடுவது நின்றது. அவளுக்குப் பின்னால் உட்கார்ந்து சுருதிப்பெட்டியைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. சொந்தக்காரர்கள் வீட்டுக்கு வந்தால் அப்பா, “அண்ணன் எப்படிப் பாடுனான், செஞ்சு காட்டுத்தா” என்பார். அவள் அச்சு அசலாகக் கீச்சிடுவாள். காதுகுத்து, கல்யாணம், புதுமனை புகுவிழா என்று ஒன்று விடவில்லை. நானும் சிரிப்பேன்.

மாநிலப் பரிசு வாங்கிய மறுவாரம் உள்ளூர் டிவியில் பேட்டி எடுத்தார்கள். அண்ணனும் பாடுவாரா என்று கேட்டதற்கு, அவள் கேமரா முன்னால் அதைச் செய்து காட்டினாள். அந்தத் துண்டு மட்டும் பட்டறைக்கு வருகிறவன் போகிறவன் எல்லோர் போனிலும் இருந்தது. அன்றைக்குத்தான் முடிவு செய்தேன்.

வாணியின் குரல் ஐந்தரைக் கட்டை. பாடுகிறவர் தன் ‘ஸ’வை எவ்வளவு உயரத்தில் வைக்கிறார் என்பதற்கு நாங்கள் சொல்லும் கணக்கு அது. சுருதிப்பெட்டியில் அதை மயிரிழை மயிரிழையாக ஏற்றுவதற்குத் தனியாக ஒரு திருகு உண்டு. வாரம் ஒரு முறை அதைத் தொட்டேன். தினமும் நாலு மணி நேரம் சாதகம். ஏழு மாதத்தில் ஆறு கட்டை, பதினாலு மாதத்தில் ஆறரை. அவளுடைய பாட்டு வாத்தியார் சென்னைக்குக் குடிபோய்விட்டார். வீட்டில் கேட்க ஆள் கிடையாது.

நடுவில் ஒரு தரம், “தொண்டை கமறுதுண்ணே. காலைல பேச்சே வரமாட்டேங்குது” என்றாள். மிளகுப் பால் போட்டுக் கொடுத்தேன். பாடப் பாடச் சரியாகிவிடும் என்றேன். மிளகை நானே அம்மியில் தட்டினேன்.

மிருதங்கம் வாசிக்கும் ஆண்டிச்சாமி அண்ணன் ஒருவர்தான் கண்டுபிடித்தார். “என்ன தம்பி, பாப்பாவுக்கு ஆறரையா? போன வருசம் அஞ்சரைக்குத்தான வாசிச்சேன்?”

“குரல் ஏறிருச்சுண்ணே” என்றேன். வாணி அங்கேதான் வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தாள். காதில் விழவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

போன மாதக் கச்சேரியில் அது நடந்தது. மேல் பஞ்சமத்தைப் பிடித்து நின்றவள் வாயிலிருந்து சட்டென்று காற்று மட்டும் வந்தது. மறுபடி முயன்றாள், மறுபடியும் காற்றுதான். கைக்குட்டையை வாயில் பொத்தி எடுத்தாள், அதில் ரத்தம். அப்பா முன்வரிசையில் எழுந்து நின்றார். சபையில் யாரும் சிரிக்கவில்லை. உண்மையைச் சொல்வதென்றால், அது எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது.

தொண்டையில் ஆபரேஷன் செய்த டாக்டர், பேச்சு வந்துவிடும், பாட்டுக்கு உத்தரவாதம் இல்லை என்றார். மூன்று வாரம் வாய் திறக்கக் கூடாது. எதுவானாலும் ஒரு நோட்டில் எழுதித்தான் காட்டுகிறாள்.

நேற்று சாப்பாடு கொண்டுபோனேன். நோட்டை என் பக்கம் தள்ளினாள். “நீ ஏத்துறது மொதல்லருந்தே தெரியும்ணே. இவளால முடியும்னு நம்பித்தானே அண்ணன் ஏத்துதுன்னு வலியப் பொறுத்துக்கிட்டேன். கடைசில உன் நம்பிக்கையைக் கெடுத்துட்டேன். கோவமா?” என்று எழுதியிருந்தாள்.

‘இல்லை’ என்று எழுதிக் கொடுத்தேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சாப்பிட்டாள். ரசம் சோறு, பொரித்த அப்பளம்.

ஆக, உங்கள் கேள்விக்குப் பதில்: மாற்றம் உண்டு. நான்தான் செய்தேன். தெரிந்தே, நாள் பார்த்து, பதினாலு மாதம் செய்தேன். இதை அப்பாவிடம் காட்டுவதோ போலீசில் கொடுப்பதோ உங்கள் விருப்பம். வாணியிடம் மட்டும் காட்டாதீர்கள், பிள்ளை தாங்க மாட்டாள். திங்கட்கிழமை முதல் பேச்சுப் பயிற்சி என்று போட்டிருக்கிறீர்கள். அவளை நானே கூட்டிக்கொண்டு வந்து, கூடவே உட்கார்ந்திருக்கிறேன். இந்த நிலைமையில் அவளை வேறு யாரையும் நம்பி விட எனக்கு மனசு வரவில்லை.