இடக்கை உயர்த்திய பிள்ளைகளின் ஆசிரியை நீலாவதி அம்மையார்க்கு

செஞ்சி, 1967ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள் 28ஆம் நாள், வெள்ளிக்கிழமை.

கல்வியியலைப் பட்டப் பாடமாக எடுத்துப் படித்து, எழுத வேண்டிய தேர்வுகளையெல்லாம் எழுதி வென்று, இறுதிக் கட்டுரையையும் முடித்துவைத்திருக்கும் நீலாவதி அம்மையார், இப்பள்ளித் தலைமையாசிரியர் இடவேண்டிய ஒரேயொரு கையொப்பம் கிடைக்காமையால், பட்டம் பெறாமலே இன்று ஓய்வு பெறுகிறார். இது முறையன்று. வாழ்த்தும் முன் இதைச் சொல்லிவிடுகின்றோம்.

கற்பித்தலைக் கடனாய்க் கொண்டு, கற்பித்ததையே கேள்விக்கு உள்ளாக்கக் கூசாத கல்விச் செல்வியே! அதட்டாமல் அடக்கி, அடக்காமல் ஆளாக்கிய அம்மையே! அறிந்தது போதாதென்று ஐம்பது அகவை கடந்தபின் மீண்டும் மாணவியாய் அமர்ந்த மாண்பே! வணக்கம்.

முகத்துக்கு நேரே புகழ்ந்தால் தலை குனிந்து சேலை முந்தானையைத் திருகுவது தங்கள் இயல்பு. ஆதலின் முன்னிலையை விடுத்துப் படர்க்கையில் பேசுகின்றோம். தாங்களும் அவையோருள் ஒருவராய் அமர்ந்து, வேறு எவரோ ஒருவருடைய வரலாற்றைக் கேட்பதுபோல் கேட்டருள்க.

செஞ்சிக் கடைத்தெருவில் பாத்திரக் கடை வைத்திருக்கும் குடும்பத்தில் பிறந்த நீலாவதி அம்மையார், இப்பள்ளியின் ஐந்தாம் வகுப்பைத் தம் வீட்டு முற்றத்தைப்போல் பேணியவர். பெருக்கல் வாய்பாட்டைப் பாட்டாக்கியவர். பிரம்பைச் சாளரக் கொக்கியாய்ப் பயன்படுத்தியவர். ஆயினும் இப்பள்ளியின் பழைய ஏற்பாடு ஒன்றுக்கு அவரும் உடன்பட்டே இருந்தார். ஆய்வாளர் வந்து வினா விடுத்தால் வகுப்பு முழுவதும் கை தூக்க வேண்டும். விடை சொல்லக்கூடிய பிள்ளை வலக்கை, ஏனையோர் இடக்கை. ஆசிரியர் வலக்கை ஒன்றைப் பார்த்து எழுப்புவார். ஆய்வாளர் அகமகிழ்ந்து செல்வார். எவர் எந்தக் கை என்பது ஜூன் மாதத்திலேயே முடிவாகிவிடும்.

ஓராண்டு வந்த ஆய்வாளர், ஆசிரியைக்குக் காத்திராமல் தாமே விரல் நீட்டினார். காவிரி எந்தக் கடலில் கலக்கிறது என்பது வினா. அவர் விரல் நின்ற இடத்தில் இருந்தவள் மாரியம்மாள். சிங்கவரத்தில் கூலிக்கு உழும் வீராசாமியின் மகள். அவள் எழுந்து, உயர்த்திய கையை இறக்காமலே சொன்னாள்:

"சார், நான் எடது கை. என்னக் கேக்கக் கூடாது."

ஆய்வாளரோ அவள் இடக்கையால் எழுதுபவள் என்று எண்ணிக்கொண்டு, "எழுதறதுகூட அந்தக் கையாலதானா? பரவாயில்ல, உக்காரு" என்று முதுகில் தட்டிவிட்டுப் போனார். பள்ளி பிழைத்தது. தலைமையாசிரியர் வெங்கடரமணன் அவர்கள் நெற்றியைத் துடைத்துக்கொண்டு அனைவர்க்கும் தேநீர் வருவித்தார்.

நீலாவதி அம்மையார் மட்டும் அத்தேநீரைத் தொடவில்லை. மறுநாள் மாரியம்மாளை அழைத்தார்.

"நேத்து கேட்டதுக்குப் பதில் தெரியாதா உனக்கு?"

"தெரியும் டீச்சர். வங்காள விரிகுடா."

"அப்புறம் இன்னாத்துக்குச் சொல்லல?"

"நீங்கதான டீச்சர் என்ன எடது கையில போட்டீங்க? மாத்தவே இல்லியே."

இதில் கோபமில்லை, குறையிரத்தலுமில்லை. மழை பெய்கிறது என்பதுபோல் சொன்னாள். அதுதான் அம்மையாரை உறங்கவிடாமல் செய்தது. ஆறு கடலில் சேருமிடத்தை நாம் கற்பித்தோம், பிள்ளை கற்றாள். தன்னை எவரும் கேட்கலாகாது என்பதையும் நாமே கற்பித்தோம். அதை இன்னும் நன்றாகக் கற்றாள். முன்னதற்குப் பாடநூல் உண்டு. பின்னதை எந்த நூலைக்கொண்டு கற்பித்தோம்?

அவர் பெற்ற ஆசிரியப் பயிற்சி இதற்கு விடை தரவில்லை. எவ்வாறு கற்பிப்பது என்பதோடு அது நின்றுவிட்டது. அந்நாளில், பணியிலிருக்கும் ஆசிரியர்கள் தனித்தேர்வராய் எழுதத்தக்க பி.ஏ. பட்டத்தில், கல்வியியலையே முதன்மைப் பாடமாகப் பல்கலைக்கழகம் ஒன்று வைத்திருப்பதை அறிந்தார். பள்ளி எவர்க்காகத் தோன்றிற்று, பாடநூலின் படங்களில் எவருடைய வீடு வருகிறது, மல்லாட்டைக் கடலை பறிக்கப் போன பிள்ளையைப் 'படிப்பில் நாட்டமில்லாதவன்' என்று குறிப்பது எவ்வகை நியாயம் என்றெல்லாம் வினவும் பாடம் அது. பணம் கட்டிவிட்டு வீட்டில் சொன்னார். கடையில் அமர்ந்திருந்த தம்பி கிருஷ்ணமூர்த்திக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"இன்னா அக்கா, முப்பது வருசமா சோறு ஆக்கிப் போடறவ, இப்பப் போயி சோறுன்னா இன்னான்னு படிக்கப் போறியா?"

"ஆக்கத் தெரியும்டா. யாரப் பந்தியில குந்த வெச்சேன், யார வாசல்லயே நிறுத்துனேன்னு பாக்கலியே."

"அதுக்குப் பட்டம் வேற குடுக்கறானா?"

"குடுக்கறான். நீ கல்லாவப் பாரு."

பள்ளியிலும் கேலிக்குக் குறைவில்லை. "பி.டி. முடிச்சா சம்பளம் ஏறும். இத்தப் படிச்சா இன்னாம்மா ஏறும்?" என்றார் தலைமையாசிரியர். "சந்தேகம் ஏறும் சார்" என்றார் அம்மையார். ஆசிரியர் அறை அதிர்ந்தது. தலைமையாசிரியரும் சேர்ந்தே சிரித்தார்.

அடுத்த ஆய்வு வந்தபோது அச்சிரிப்பு அவரிடம் இல்லை. விரல் நீட்டும் ஆய்வாளரை நம்பக் கூடாதென்று புதுவழி கண்டார். எல்லா வகுப்பின் இடக்கைப் பிள்ளைகளையும் ஒன்றுதிரட்டி, 'வரலாற்றுச் சுற்றுலா' என்று பெயர் சூட்டி, ஆய்வு நாளன்று ராஜகிரிக் கோட்டைக்கு அனுப்பிவைத்தார். அழைத்துச் செல்லும் பொறுப்பு நீலாவதி அம்மையார்க்கே வந்தது. பிள்ளைகளுக்கோ கொண்டாட்டம், புளிச்சோற்று மூட்டையோடு குரங்குகளை விரட்டிக்கொண்டு ஏறினார்கள். உச்சியிலிருந்து நோக்க, பள்ளியின் ஓட்டுக்கூரையும், அதன் வாயிலில் வண்டுபோல் நின்ற ஜீப்பும் தெளிவாகத் தெரிந்தன. மாரியம்மாள் அதைச் சுட்டிக்காட்டிக் கேட்டாள்:

"டீச்சர், நாங்க இங்க இருந்தா ஸ்கூலு பாஸாயிடுமா?"

அவ்வினாவையே அம்மையார் பின்னர்ப் பட்டத்துக்குரிய இறுதிக் கட்டுரையாக எழுதினார். பிறரைச் சாடித் தொடங்கவில்லை. 'என் வகுப்பில் இடக்கைப் பிள்ளைகளைப் பிரித்தவள் நானே' என்பது அதன் முதல் வரி. கை பிரித்த கதையும், கோட்டைக்கு அனுப்பிய கதையும், அவ்விரண்டினாலும் பிள்ளைகள் தம்மைப்பற்றி என்ன கற்றார்கள் என்பதும் அதில் உண்டு. அதைப் படித்த எங்களுள் எவராலும் பொய்யென்று ஒரு வரியைக்கூடக் காட்ட இயலவில்லை. சந்திப்பிழைகூட இல்லை என்பதையும் இங்கே பதிவுசெய்கின்றோம்.

பல்கலைக்கழக விதி ஒன்று உண்டு. கட்டுரை கூறும் செய்திகள் நேரிற் கண்டவை என்று, ஆசிரியர் பணியிலிருக்கும் காலத்திலேயே, அப்பள்ளித் தலைமையாசிரியர் சான்றளிக்க வேண்டும். அம்மையார் கட்டுரையை அவர் மேசைமேல் வைத்தார். முழுதும் படித்தபின் அவர் குரல் தாழ்ந்தது.

"நம்ம வூட்டு அழுக்க நாமளே நடுத்தெருவுல போட்டு அலசணுமாம்மா?"

"அழுக்குன்னு நீங்களே சொல்லிட்டீங்களே சார். கையெழுத்துப் போடுங்க."

"ஊர் பேர மாத்திடுங்க. எங்கியோ ஒரு பள்ளிக்கூடம்னு எழுதுங்க. இப்பவே போடறேன்."

"அப்ப அது கதையாயிடும் சார்."

"ஒம்பதாம் வகுப்பு கேட்டு எழுதிக் குடுத்திருக்கோம். இத்த மேல இருக்கறவங்க படிச்சா குடுப்பாங்களா? சிங்கவரத்துப் புள்ளைங்கதான் அப்புறம் வெளியூருக்கு நடக்கும். அத்த யோசிச்சீங்களா?"

இவ்வச்சத்தை நாங்கள் எள்ளமாட்டோம். அம்மையாரும் எள்ளவில்லை. "சரி சார், அது வர்ற வரைக்கும் காத்திருக்கேன்" என்று எழுந்துவந்தார். சொன்ன சொல் காத்தார், எவரிடமும் முறையிடவில்லை. ஒன்பதாம் வகுப்பு சென்ற ஜூனில் வந்தது. அதன் திறப்பு விழாவுக்குப் பந்தல் போட்டோம், நாதசுரம் வைத்தோம். கையொப்பம் மட்டும் வரவில்லை. இன்று மாலை பணி முடிந்ததும் அவர் இப்பள்ளியின் ஆசிரியை அல்லர். விதிப்படி அக்கட்டுரையும் செல்லாது.

பள்ளியைத் துதிப்போர் பலர். தூற்றுவோர் அவரினும் பலர். தாம் நின்ற வகுப்பறையையே எட்டி நின்று நோக்கி, தம் கையையும் அந்நோக்கிற்குத் தப்பவிடாமல், கண்டதைக் கண்டவாறு எழுதுவோர் எத்தனை பேர்? நடைமுறையைக் குற்றங்கூறுவது நன்றி மறத்தல் என்பாரும் இவ்வவையில் இருக்கலாம். உண்ட வீட்டின் ஒழுகலைச் சுட்டுவது அவ்வீடு நிலைக்க விரும்புவோர் செயல் என்பதே எங்கள் துணிபு. அவ்விருப்பம் இல்லாதவர் ஓய்வுபெறும் அகவையில் விளக்கருகே கண் கலங்கப் படித்திருக்கமாட்டார்.

அம்மையே! மீண்டும் முன்னிலைக்கே வந்தோம். தங்கள் கண்ணொளி மங்காதிருக்க! முழங்கால் நோவு நீங்குக! ஐயம் மட்டும் ஒருநாளும் தீராதிருக்க! சுற்றமும் நலமும் சூழ, பல்லாண்டு இனிது வாழ்க!

இங்ஙனம்,
பள்ளி ஆசிரியர்கள் அனைவரும்.
அவர்கள் பொருட்டு எழுதியவர்: சம்பந்தம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்.

மரபுப்படி இம்மடலை இவ்வவையில் தம் வாயாலேயே வாசித்துவந்த தலைமையாசிரியர் வெங்கடரமணன் அவர்களே! மாலை மணி அடிக்கும்வரை அம்மையார் தங்கள் பள்ளியின் ஆசிரியை. கட்டுரை தங்கள் முன்னுள்ள மேசைமேல் இருக்கிறது. அதில் பொய் ஒன்று இருப்பின், அடுத்த வரியை வாசிக்கும் முன் அதை இவ்வவைக்கு எடுத்துக் கூறுங்கள். இல்லையெனில், மாலை சூட்டுவது பிறகு ஆகட்டும், முதலில் கையொப்பமிடுங்கள்.