பதின்மூணாவது கப்

தங்கை: கையை எடுக்காதண்ணே. ரெண்டு கையும் கப்புலயே இருக்கட்டும்.

அண்ணன்: காகிதக் கப்பு... இதுக்கு ரெண்டு கையா? இருபத்திரெண்டு வருஷமா மெத்தைக்கு ஃபோம் ஊத்துறவன் நான்.

தங்கை: பெருமை அப்புறம். அசையாத, கண்ணாடிய நானே மாட்டி விடுறேன்.

அண்ணன்: போன செவ்வாய்க்கெழம பன்னெண்டாவது கப்புதான் அழகா நின்னுச்சே. மறுபடி எதுக்கு?

தங்கை: நாளைக்கு நான் கையெழுத்துப் போடணும். இந்த ஃபோம்ல உலோகம் துளிகூட இல்லன்னு. குறைமாசக் குழந்தைங்க படுக்கப் போற மெத்தைண்ணே. ஒரு தடவ நின்னத நம்பிப் போட்டுட முடியுமா?

அண்ணன்: ...அதுவும் சரிதான்.

தங்கை: ஏன் மூஞ்சி வாடுது?

அண்ணன்: முகமூடிக்குள்ள மூஞ்சி எங்க தெரியுது உனக்கு?

தங்கை: கண்ணு தெரியுதே.

அண்ணன்: சும்மா இரு. ஆமா... டின் மருந்து இல்லாம இது எப்படித்தான் கெட்டிப்படும்? எங்க ஆலையில அது கொஞ்சம் குறைஞ்சாலே மெத்தை எழும்பும், பெருமூச்சு விடும், அப்படியே உட்காந்துடும்.

தங்கை: அதுல இருக்கிறது வெள்ளீயம். உலோகம். அதோட வேலைய இந்த வெள்ளைப் பொடி செய்யணும். இதுல உலோகமே கிடையாது. கரி, நைட்ரஜன், ஹைட்ரஜன்... நம்ம உடம்புல இருக்கிற சரக்குதான்.

அண்ணன்: இத்துனூண்டா? இரு... அன்னிக்கு விட இன்னிக்குக் கூடத் தெரியுதே.

தங்கை: அளவ மாத்தியிருக்கேன்.

அண்ணன்: நல்லா நின்னத எதுக்கு மாத்துற?

தங்கை: சும்மாதான். இந்த ரெண்டு திரவமும் பக்கத்துல பக்கத்துல நின்னாலும் சட்டுனு சேராதுண்ணே. பொடிதான் கையைப் பிடிச்சுச் சேத்து வைக்கும். வச்சுட்டு விலகி, அடுத்த ஜோடிக்குப் போயிடும்.

அண்ணன்: கல்யாணத் தரகர்னு சொல்லு!

தங்கை: கமிஷன் கேக்காத தரகர். ஊத்துறேன், கெட்டியாப் பிடி... கலக்குறேன்... எட்டு, ஒம்பது, பத்து. போதும்.

அண்ணன்: தேன் மாதிரி கெடக்குது.

தங்கை: பொறு.

அண்ணன்: பொறுத்தாச்சு...

தங்கை: இன்னும் அஞ்சு வினாடிகூட ஆகலண்ணே!

அண்ணன்: ஏய்... வெளுக்குது! வெளுக்குது பாரு!

தங்கை: எழும்பும். முதல் பதினோரு கப்பும்தான் எழும்பிச்சு. நிக்கணும்.

அண்ணன்: விளிம்புக்கு வந்துடுச்சு... தாண்டிடுச்சு... அம்மாடி! கை சுடுதே! அடுப்பு இல்ல, நெருப்பு இல்ல, எங்கேர்ந்து வருது இந்தச் சூடு?

தங்கை: ரெண்டும் சேர்ற சூடு. விடாத. மேல பாரு, குமிழி உடையுது. இங்கதான்... இந்த இடத்துலதான் உட்காரும்.

அண்ணன்: உட்காராத சாமி... உட்காராத...

தங்கை: ஒண்ணு... ரெண்டு... மூணு...

அண்ணன்: நிக்குது.

தங்கை: இன்னும் கொஞ்சம்...

அண்ணன்: நிக்குது பாப்பா! எத்தனை ஆயிரம் மெத்தை பாத்திருப்பேன்... எனக்கு உடம்பெல்லாம் சிலிர்க்குது. ஒரு சிட்டிகைப் பொடி, தூக்கி நிறுத்திடுச்சே!

தங்கை: அழறியா?

அண்ணன்: கண்ணாடியில ஆவி.

தங்கை: பன்னெண்டாவது நின்னப்ப நீ இப்படி வாயப் பொளக்கல. கையத் தட்டிட்டு டீ குடிக்கப் போயிட்ட.

அண்ணன்: ...ஒண்ணு சொல்லணும். திட்டக் கூடாது.

தங்கை: சொல்லு.

அண்ணன்: பதினோராவது கப்பு உட்காந்ததும் நீ சுவத்தப் பாத்துத் திரும்பி நின்ன. தோளு குலுங்கிச்சு. என்னால தாங்க முடியல. அதான் அடுத்த கப்புல... உனக்குத் தெரியாம... எங்க டின் மருந்துல ஒரு சொட்டு விட்டுட்டேன். கையெழுத்துன்னு நீ சொன்னதும்தான் எவ்வளவு பெரிய தப்புன்னு புரிஞ்சுது. ஆனா இன்னிக்கு நான் ஒண்ணுமே பண்ணல, சத்தியமா!

தங்கை: தெரியும்ண்ணே. அந்தக் கப்புல வெள்ளீயம் இருக்குன்னு வியாழக்கிழமையே சோதனை அறிக்கை வந்துடுச்சு. இல்லேன்னா ஒரு காகிதக் கப்ப ரெண்டு கையாலயும் பிடிக்கச் சொல்வேனா?