வலது காதுப் பக்கம்

கோசலா: வள்ளம் வந்திட்டுது, எழும்புங்கோ.

குலேந்திரன்: வெள்ளமோ? எங்கை வெள்ளம்?

கோசலா: வெள்ளமில்லை, வள்ளம்! தீவுக்குப் போற வள்ளம்.

குலேந்திரன்: அப்பிடிச் சொல்லும். நீர் ஏரியைப் பாத்துக்கொண்டு கதைச்சா எனக்கு எப்பிடி...

கோசலா: எப்பிடி?

குலேந்திரன்: காத்து இரையுது எண்டு சொல்ல வந்தனான்.

கோசலா: ஓமோம். ஒரு இலை அசையேல்லை. உங்களுக்கு மட்டும் காத்து.

குலேந்திரன்: ஷ்லீரனிலை விடியக்காலமை ரயிலேறி, மலையைக் குடைஞ்ச குகைக்குள்ளாலை இந்தப் பக்கம் வந்து... எதுக்கு? மரம் பாக்க. எங்கடை வீட்டுக்குப் பின்னாலை மரமில்லையோ?

கோசலா: அது சவுக்கு மாதிரி நெட்டையா நிண்டு குளிரிலை நடுங்கிற மரம். இஞ்சை ஒலிவ், எலுமிச்சை, மாதுளை... இத்தாலிக் கடற்கரையிலை நிக்கிறதெல்லாம் இந்தத் தீவிலை நிக்குதாம். சுவிசிலை வேறை எங்கை பாப்பியள்?

குலேந்திரன்: மரம் மட்டும்தானே?

கோசலா: முதல்லை ஏறுங்கோ. இல்லை, அந்தப் பக்கம் இருங்கோ. நான் உங்கடை வலப்பக்கம் இருக்கிறன்.

குலேந்திரன்: ஏன் வலப்பக்கம்?

கோசலா: வெயில்.

குலேந்திரன்: வெயில் இடப்பக்கமெல்லோ...

கோசலா: சும்மா இருங்கோவன்!

*

கோசலா: பாத்து இறங்குங்கோ, பலகை ஈரம்.

குலேந்திரன்: அட... இது அலரியெல்லோ! கொழுத்துப்போய் நிக்குது.

கோசலா: பிறகு பாப்பம். அந்த மஞ்சள் வீடு தெரியுதோ?

குலேந்திரன்: ஆற்றை வீடு?

கோசலா: முந்தி ஒரு சீமாட்டியின்ரை. இந்தத் தோட்டத்தை உண்டாக்கினதும் அவதான். பியானோக்காரர், வயலின்காரர் எண்டு நாடு நாடா ஆக்களைக் கூப்பிட்டு, மாசக்கணக்கா வைச்சுச் சோறு போட்டு வாசிக்கப் பண்ணினவவாம். இப்பவும் ஞாயிற்றுக்கிழமைகளிலை அங்கை கச்சேரி.

குலேந்திரன்: ...நான் இந்தக் கத்தாழையைப் பாத்துக்கொண்டு நிக்கிறன். நீர் போய்க் கேட்டிட்டு வாரும்.

கோசலா: ஏலாது. ரெண்டு பேருக்கும் இடம் எடுத்திருக்கிறன். முன்வரிசை.

குலேந்திரன்: கோசலா, வேண்டாம்...

கோசலா: இழுத்துக்கொண்டெண்டாலும் போவன்.

குலேந்திரன்: சனம் பாக்குது.

கோசலா: பாக்கட்டும்! எங்கடை பிள்ளை யதுஷான்ரை நடன அரங்கேற்றத்துக்கு வாசிக்கமாட்டன் எண்டியள். கை நோவெண்டியள். இத்தனை வருசமா இந்த நாட்டிலை எந்தப் பிள்ளை ஆடினாலும் உங்கடை மிருதங்கம்தான். ஒரு நாள் கை நொந்ததோ?

குலேந்திரன்: வயசு போகுது.

கோசலா: கோயில் கச்சேரியிலை பாட்டு நிண்ட பிறகும் வாசிச்சுக்கொண்டிருந்தியள். அது கையோ? வீட்டை வந்து, உங்கடை முதுகுக்குப் பின்னாலை நிண்டு பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பாத்தனான்.

குலேந்திரன்: பேரோ?

கோசலா: குலேந்திரன் எண்டு. கலியாணம் முடிச்ச நாளிலை இருந்து முதல் தரம். நீங்கள் வெங்காயம் உரிச்சுக்கொண்டே நிண்டியள்.

குலேந்திரன்: புருசனைப் பேர் சொல்லியோ! அந்த நேரம் பாத்தோ காது கேளாமப் போச்சு...

கோசலா: சிரியாதேங்கோ. நான் குளிக்கிற அறைக்குள்ளை போய் அழுதனான். இடது காது நீங்கள் வேலை செய்த பக்ரறி மெசின் இரைச்சலிலை போனது எனக்குத் தெரியும். வலதும் போகுதெண்டு ஏன் சொல்லேல்லை?

குலேந்திரன்: சொன்னா? உம்மடை காதைக் கழட்டித் தருவீரோ?

கோசலா: வாங்கோ உள்ளுக்கை. இதுதான் எங்கடை இடம், இருங்கோ. வலது காதை வாசிக்கிறவையின்ரை பக்கம் திருப்புங்கோ.

குலேந்திரன்: ஆர் அந்தப் பெட்டை? யதுஷான்ரை வயசிருக்கும்.

கோசலா: அவ செல்லோ, நிலத்திலை ஊண்டி வாசிக்கிற பெரிய வயலின். பக்கத்திலை நிக்கிறவர் வயலின். உஷ்... தொடங்கீட்டினம்.

குலேந்திரன்: வில்லு போய் வருது. சத்தமில்லை.

கோசலா: எதிலை?

குலேந்திரன்: வயலினிலை. அந்த மனுசன் சும்மா காத்தை அறுக்கிற மாதிரி... பொறும்.

கோசலா: என்ன?

குலேந்திரன்: பொறும் எண்டிறன்! அந்தப் பெட்டை... அடித் தந்தியிலை... வருது.

கோசலா: கேக்குதோ?

குலேந்திரன்: ஓம்... நெஞ்சுக்குள்ளை. மிருதங்கத்திலை இடக்கை விழுற மாதிரி. கதையாதேயும்.

கோசலா: ...

குலேந்திரன்: ...

கோசலா: அப்பா, முடிஞ்சுது. எல்லாரும் கை தட்டீட்டினம். நீங்கள்தான் இன்னும் துடையிலை தட்டிக்கொண்டிருக்கிறியள்.

*

கோசலா: இந்த ஒலிவ் மரத்தடியிலை இருப்பம். என்ரை முகத்தைப் பாருங்கோ.

குலேந்திரன்: வாயைப் பாக்கிறன். இனி ஒளிச்சு என்ன.

கோசலா: ஆசுப்பத்திரியிலை இருந்து வீட்டுக்குக் கோல் எடுத்தவை. நீங்கள் எங்கை ரெலிபோன் அடிக்கிறது கேக்கிறது? நான்தான் எடுத்தனான்.

குலேந்திரன்: என்ன சொன்னவை?

கோசலா: எனக்கு ஒண்டும் சொல்லமாட்டினமாம். நானே வேறை ஒரு காது டொக்டரைத் தேடிப் போய் விளங்கக் கேட்டனான். காதுக்குள்ளை மெசின் வைச்சா மனுசர் கதைக்கிறது விளங்குமாம். ஆனா மிச்சமிருக்கிற அந்த அடிச்சத்தம் போனாலும் போகுமாம். பாட்டெல்லாம் தகரத்திலை தட்டின மாதிரி வருமாம்... ஓமோ?

குலேந்திரன்: ஓம்.

கோசலா: அப்ப வேண்டாம். செய்யாதேங்கோ! இப்ப கேட்டதெல்லோ? இருக்கிறதை வைச்சுக்கொண்டு வாசியுங்கோ. யதுஷான்ரை காலைப் பாத்து வாசியுங்கோ.

குலேந்திரன்: அது சரி... நீர்? உம்மோடை எப்பிடிக் கதைக்கிறது?

கோசலா: எனக்கு வியாழக்கிழமை பின்னேரத்திலை வேலை இல்லை. உங்களுக்குச் சொன்னது பொய். சூரிச்சிலை கைப்பாஷை படிக்கிறன். உங்களுக்கும் நான் சொல்லித் தருவன். இஞ்சை பாருங்கோ... இது சாப்பாடு. இது ரயில். இது, கோவிக்காதேங்கோ.

குலேந்திரன்: இது?

கோசலா: அது உங்கடை பேர். நானா வைச்சது.

குலேந்திரன்: கோசலா... கையைக் கீழை விட்டிட்டு இதைக் கேளும். போன கிழமையே டொக்டருக்கு ஓம் எண்டு சொல்லிப்போட்டன். செவ்வாய்க்கிழமை ஒப்பரேசன். இஞ்சை கச்சேரி நடக்கிறது எனக்கு முதலே தெரியும். கடைசியா ஒருக்கா வடிவாக் கேப்பமெண்டுதான் வந்தனான். வாசலைக் கண்டாப் பிறகுதான் பயம் பிடிச்சது. மிருதங்கம் என்ரை கைக்குள்ளை கிடக்கு, சத்தமில்லாட்டிலும் அது எனக்குத் தெரியும். ஆனா நீர் நாளைக்கு என்ன சொல்லப்போறீரெண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?