மருந்து வாடை இல்லாத வீடு

வீடு பார்க்க வருகிறவர்கள் முதலில் குழாயைத்தான் திறந்து பார்ப்பார்கள். தண்ணீர் கொட்டிவிட்டால் முகம் மலர்ந்துவிடும். எங்கள் விருதுநகர் மாவட்டத்தில் தண்ணீர் வருகிற குழாய்க்கு முன்னால் நின்றால் எப்பேர்ப்பட்ட ஆளுக்கும் மூளை வேலை செய்யாது. அதனால் ஒரு பார்ட்டியைக் கூட்டிப் போவதற்கு முன்னால் மேல்தொட்டியை நிரப்பி வைக்கச் சொல்லிவிடுவேன். இதில் தப்பு ஒன்றும் இல்லையே, சார்.

என் பெயர் ஊர்க்காவலன். எங்கள் குலசாமியின் பெயர். திருத்தங்கலில் வீட்டு புரோக்கர் என்று கேட்டால் டீக்கடைக்காரரே என் வாசலைக் காட்டுவார். இன்றைக்கு நான் ஸ்டேஷனுக்கு எனக்காக வரவில்லை. வெளியே பெஞ்சில் தலையைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருக்கிறாரே தங்கச்சாமி, அவருக்காக வந்திருக்கிறேன். அவர் மனைவி சின்னத்தாய் ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு, வருகிறவர்களிடமெல்லாம், "எஞ் சேலைல இருந்த மருந்துதான் எம் பிள்ளையக் கொன்னுருச்சு" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். வீட்டுக்குப் பின்னால் இருந்த ஷெட்டுக்காரர் பெத்தணன் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். வெடித்தது என் ஷெட் இல்லை, அந்த வீட்டில் பதுக்கி வைத்திருந்த மருந்துதான் என்கிறார். நீங்களும் அப்படியே எழுதப் போவதாகக் கேள்விப்பட்டேன்.

நீங்கள் தஞ்சாவூர்ப் பக்கம் என்றார்கள். எங்கள் ஊரில் மருந்து என்றால் வெடிமருந்து. நோய்க்குத் தின்பதை மாத்திரை என்றுதான் சொல்லுவோம்.

அந்த அம்மா ஒரு சிட்டிகை மருந்துகூட வீட்டுக்குக் கொண்டுவந்தவர் இல்லை. எனக்கு நிச்சயமாகத் தெரியும். எப்படித் தெரியும் என்று கேட்டீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். சொல்கிறேன், நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள்.

தங்கச்சாமியும் சின்னத்தாயும் பட்டாசு ஆபீசில், அதாவது பட்டாசுத் தொழிற்சாலையில், வேலை செய்கிறவர்கள். விடிந்ததும் கம்பெனி வேன் வரும், ஏறிப் போவார்கள். பொழுது சாய வேன் கொண்டுவந்து இறக்கிவிடும். முன்னால் ஒரு லைன் வீட்டில் வாடகைக்கு இருந்தார்கள். பக்கத்து வீட்டில் பட்டாசுத் திரியை வாங்கிவந்து வீட்டிலேயே வைத்து வேலை பார்த்திருக்கிறார்கள். ஒருநாள் தீப்பிடித்தது. தங்கச்சாமியின் பையன் அதில் போய்விட்டான். மிச்சம் இருந்தது பொன்மணி என்கிற பெண் ஒன்றுதான். சொந்த வீடு வேண்டும் என்று என்னிடம் வந்தபோது தங்கச்சாமி மற்றவர்களைப் போல வாசல் எந்தத் திசை, பஸ் நிற்குமா என்றெல்லாம் கேட்கவில்லை.

"அண்ணாச்சி, எனக்கு ஒண்ணே ஒண்ணுதான். வீட்டுக்குள்ள மருந்து வாடை வரக் கூடாது. நாங்க ரெண்டு பேரும் அதுலயே கெடக்கோம், அது எங்க தலையெழுத்து. எம் பிள்ள அந்த வாடையில்லாம ஒறங்கணும். அம்புட்டுத்தான்."

சிவகாசிக்குப் பக்கத்தில் இப்படி ஒரு வீடு கேட்பது கடற்கரையில் உப்புக் காற்று இல்லாத வீடு கேட்பது மாதிரி. ஆனாலும் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்லுவது தொழிலுக்கு அழகில்லை. என் கையில் ஒரு வீடு இருந்தது. திருத்தங்கலுக்கு வெளியே, புது மனைகள் முடிகிற இடத்தில், லட்சுமிகாந்தம் என்கிற அச்சாபீஸ்காரர் ஆசை ஆசையாகக் கட்டிய வீடு. அவர் அவசரமாக மதுரைக்குப் போக நினைத்தார். ஏன் அவசரம் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

இப்போதெல்லாம் பேப்பரில் எழுதுகிறார்கள், பார்த்திருப்பீர்கள். விற்கிறவருக்கு ஒரு புரோக்கர் இருந்தால் வாங்குகிறவர் தனக்கென்று வேறு ஒரு ஆளை வைத்துக்கொள்ள வேண்டுமாம். எழுதுகிறவனுக்கு என்ன, மை செலவு. ஒரே உறையில் இரண்டு கத்தி இருக்குமா? எங்கள் பக்கத்தில் ஒரு யாவாரத்துக்கு ஒரு ஆள். இவரிடமும் கமிஷன், அவரிடமும் கமிஷன். இரண்டு பேர் மனதையும் அறிந்த ஒருவன் நடுவில் இருந்தால்தான் காரியம் முடியும். நான் இரண்டு பக்கமும் அறிந்தவன். அறிந்ததை எந்தப் பக்கம் சொல்லுவது, எந்தப் பக்கம் சொல்லாமல் விடுவது என்பதுதான் தொழில்.

இந்தப் பேப்பர் சமாசாரத்தை தங்கச்சாமியின் காதில் ஓதியவர் பால்துரை வாத்தியார். பொன்மணியின் பள்ளிக்கூடத்து வாத்தியார், நாலு இடம் வாங்கி விற்றவர். என் காதுபடவே சொன்னார். "தங்கச்சாமி, அவரு விக்கிறவருகிட்டயும் வாங்குதாரு, உங்கிட்டயும் வாங்குதாரு. அப்ப அவரு யாரு ஆளு? உனக்குன்னு ஒரு ஆளு வேணுமில்ல? ஞாயித்துக்கிழம கோயிலு ஆராதன முடிஞ்சதும் நானே வாரேன். வீட்டச் சுத்தி ஒரு நடை நடந்து பாப்போம்."

வீட்டைச் சுற்றி ஒரு நடை. கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது. உள்ளே நடந்து பார்க்கிறவர்களைப் பற்றி எனக்குக் கவலை கிடையாது. சுற்றி நடக்கிறவர்கள்தான் தொழிலைக் கெடுப்பவர்கள்.

தங்கச்சாமியைத் தனியாக அழைத்து, "வாத்தியார் தாராளமா வரட்டும். ஆனா ரெண்டு ஆளு புகுந்தா விக்கிறவரு மிரண்டுக்கிடுவாரு. மதுரைப் பார்ட்டி ஒண்ணு அட்வான்ஸோட நிக்கிது. ஞாயித்துக்கிழம வரைக்கும் தாங்காது. இன்னைக்கே வேன் எறங்குனதும் அப்படியே வாங்க" என்றேன்.

"குளிக்காமயா அண்ணாச்சி? மேலெல்லாம் மருந்தா இருக்குமே."

"வீடு பாக்கத்தானே வாறீக, பொண்ணு பாக்கவா வாறீக" என்றேன். சிரித்துவிட்டார்.

அப்படியே வந்தார்கள், அதே வேலைத் துணியோடு. தீபாவளி சீசன். கம்பெனியில் ஆர்டர் குவிந்து கிடந்த நேரம். சின்னத்தாயின் கையெல்லாம் வெள்ளிப் பூச்சு, தங்கச்சாமியின் காது மடலில்கூட மருந்துப் பவுடர். குழாயைத் திறந்தார்கள், தண்ணீர் கொட்டியது. அடுப்படியைப் பார்த்தார்கள். பொன்மணிக்கு என்று ஒரு தனி அறை, பின்பக்கத்து அறை, ஜன்னலோடு. அதற்குள் போனதும் சின்னத்தாய் நின்றுவிட்டார். மூக்கைச் சுருக்கினார்.

"ஏங்க, மருந்து வாடை அடிக்குதே."

நான் அவரைப் பார்க்காமல், கொஞ்சம் தாழ்ந்த குரலில் சொன்னேன். "அது ஒங்க சேலைல அடிக்கிது, தாயி."

இது வாய்தவறி வந்த பேச்சு இல்லை, சார். வீட்டிலிருந்து கிளம்பும்போதே தயாராக வைத்திருந்தது. இதற்காகத்தான் அவர்களைக் குளிக்கவிடாமல் வரச் சொன்னேன். மருந்து ஆபீசில் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு கூச்சம் உண்டு. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் மூக்கைப் பொத்தினால் தலையைக் குனிந்துகொள்வார்கள். அந்த அம்மா முந்தானையை இழுத்து மூக்கில் வைத்துப் பார்த்தார். ஆமாம், வாடை இருந்தது. இல்லாமல் எங்கே போகும்? லட்சுமிகாந்தத்தின் வீட்டம்மாவிடம், "தப்பா எடுத்துக்கிடாதீக அக்கா, வீட்டையே நாறடிச்சிட்டேன்" என்று சொல்லிவிட்டு வாசலில் போய் நின்றுகொண்டார். அதற்குப் பிறகு உள்ளே வரவே இல்லை. மிச்சத்தை தங்கச்சாமி மட்டும் பார்த்தார்.

பின்பக்கச் சுவருக்கு அந்தப் பக்கம் என்ன என்று கேட்டார். காலண்டர் குடோன் என்றேன். அடுத்த வாரமே பத்திரம் முடிந்தது. வாத்தியார் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார்.

பால் காய்ச்சிக் குடிபோனார்கள். சின்னத்தாய் வேலைச் சேலையை வாசலுக்கு வெளியே வேப்பமரத்தில் தொங்கவிட்டு, கொல்லைப் பக்கமாக வந்து குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் காலை வைப்பார். சோப்பை மாற்றினார், சீயக்காயை மாற்றினார். ஒருநாள் கடைத்தெருவில் என்னைப் பார்த்து, "எம்புட்டுத் தேச்சாலும் போக மாட்டேங்குது அண்ணாச்சி. பிள்ளை ரூமுக்கே நான் போறதில்ல. வாசப்படில நின்னுதான் பேசுதேன்" என்றார். தோலில் ஊறியது, போகப் போகச் சரியாகும் என்று ஆறுதல் சொன்னேன். நாலு நல்ல வார்த்தை சொல்லுவதற்கு எனக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை.

இப்போது அந்தக் காலண்டர் குடோனுக்கு வருவோம். அதில் காலண்டர் இருந்ததே இல்லை. லைசென்ஸ் இல்லாமல் வெடி செய்ய பெத்தணனுக்கு ஒதுக்குப்புறமாக ஓர் இடம் தேவைப்பட்டது. தேடிப் பிடித்துக் கொடுத்தது நான்தான். அங்கே வேலை தொடங்கியதும் லட்சுமிகாந்தம் என்னிடம் ஓடி வந்தார். "என்ன அண்ணாச்சி, எம் முதுகுக்குப் பின்னால வெடியக் கொண்டாந்து வச்சிட்டீகளே" என்றார். கவலைப்படாதீர்கள், உங்கள் வீட்டை நானே விற்றுத் தருகிறேன் என்றேன். சொன்ன வாக்கைக் காப்பாற்றினேன். அப்படித்தான் அந்த வீடு என் கைக்கு வந்தது. வாங்கினவருக்கு நான், விற்றவருக்கு நான், பின்னால் இருந்தவருக்கும் நான். மூன்று பக்கமும் ஒரே ஆள். அதனால்தான் சண்டை சச்சரவு ஒன்றும் வரவில்லை.

பெத்தணனுக்கு யோசனை சொன்னதும் நான்தான். காலையில் வேன் போனபிறகு ஆள் இறக்குங்கள், சாயங்காலம் வேன் திரும்பும் முன்னால் பூட்டிவிடுங்கள், ஞாயிற்றுக்கிழமை லீவு விடுங்கள் என்றேன். தங்கச்சாமி குடும்பம் அங்கே இருக்கும்போது ஷெட்டில் ஆள் இருக்காது. ஷெட்டில் ஆள் இருக்கும்போது அவர்கள் வேலைக்கும் பிள்ளை பள்ளிக்கூடத்துக்கும் போயிருப்பார்கள், வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள். வாடை மட்டும் இரண்டு பக்கமும் போய்வந்துகொண்டிருந்தது. அதற்குத்தான் சின்னத்தாயின் சேலை இருந்ததே.

பரீட்சைக்குப் படிக்க பொன்மணிக்கு பள்ளிக்கூடத்தில் லீவு விட்டார்கள். இதை நான் யோசிக்கவில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஒரு மத்தியானம் சைக்கிளை மிதித்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். எனக்குப் பயமாகப் போய்விட்டது. அவள் கோபமாக வரவில்லை. முகமெல்லாம் சிரிப்பாக வந்தாள்.

"பெரியப்பா, வாடை எங்கன இருந்து வருதுன்னு கண்டுபிடிச்சிட்டேன். பின்னாடி பகல் பூரா ஆளு வச்சு வெடி செய்யுதாக. அது அம்மா மேல அடிக்கிற வாடை இல்ல பெரியப்பா. அம்மா பாவம், என்னயத் தொட்டே எம்புட்டு நாளாச்சு தெரியுமா? இன்னைக்கு வேன் வந்ததும் சொல்லிரப் போறேன்."

உட்காரச் சொல்லி மோர் கொடுத்தேன். "நல்லதும்மா. ஆனா இப்ப சொன்னா ஒங்கப்பா அந்தப் பொழுதே வீட்டக் காலி பண்ணுவாரு. பெட்டி படுக்கையத் தூக்கிக்கிட்டு நடுரோட்டுல நின்னு எப்படிப் பரீட்சை எழுதுவ? பரீட்சை முடியட்டும். நானே வந்து பக்குவமாச் சொல்லுதேன்" என்றேன்.

மோரைக் குடித்து முடித்தாள். பிறகு சரி என்றாள். நல்ல பிள்ளை, பெரியவர்கள் சொன்னால் கேட்டுக்கொள்கிற பிள்ளை. யாரிடமும் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். சொல்லியிருந்தால் அந்த அம்மா இன்றைக்குத் தன் சேலையைக் குற்றம் சொல்லிக்கொண்டு படுத்திருக்க மாட்டார்.

வெடித்த அன்று காலையில் சின்னத்தாய்க்குக் காய்ச்சல். வேன் ஏறாமல் வீட்டிலேயே இருந்தார். முன்கட்டில் படுத்திருந்ததால் கை காலோடு தப்பித்தார். பொன்மணி பின்னறையில் கணக்குப் படித்துக்கொண்டிருந்தாள். ஷெட்டில் கலவை போட்டவன் ஏதோ அவசரப்பட்டிருக்கிறான். சீசன் இல்லாத காலத்தில் என்ன அவசரமோ. சுவர் அப்படியே அந்த அறைக்குள் வந்துவிட்டது. ஷெட்டில் இருந்தவர்களைப் பற்றி உங்கள் ஆட்களுக்கே தெரியும்.

நான் உடனே போனேன், சார். பத்திரம் முடிந்ததோடு கைகழுவுகிற ஆள் நான் இல்லை. ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டது நான், தங்கச்சாமியைக் கம்பெனியிலிருந்து கூட்டி வந்தது நான். பிள்ளையைப் பார்த்ததும் அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார். "நாங்கதான் தூக்கிட்டு வந்திருக்கோம் அண்ணாச்சி, எங்க மேலயே அந்தச் சனியனத் தூக்கிட்டு வந்திருக்கோம்" என்று அழுதார். அந்த நேரத்தில் அதெல்லாம் விளக்கிச் சொல்லுகிற மாதிரியா இருந்தது? முதுகைத் தடவிக் கொடுத்தேன்.

ஆக, வெடித்தது சின்னத்தாய் சேலையில் இருந்த மருந்து இல்லை. வீட்டுக்குள் அடிக்கிற வாடை அவர் சேலை வாடைதான் என்று அந்த அம்மாவை நம்பவைத்தது நான். பின்னால் மருந்து இருக்கிறது என்று தெரிந்தே வீட்டை விற்றது நான். உண்மையைக் கண்டுபிடித்து வந்த பிள்ளையை அதே அறைக்குத் திருப்பி அனுப்பியதும் நான்தான். இதை விட்டுவிட்டு அந்த அம்மா மேல் கேஸ் எழுதினால் அது அநியாயம். அநியாயத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியாது.

ஏன் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள்?

இன்றைக்குக் காலையில் தங்கச்சாமி என் வாசலில் வந்து நின்றார். பால்துரை வாத்தியார் துணைக்கு வருகிறேன் என்றாராம். இவர்தான் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். "எனக்கு ஸ்டேசன்ல பேசத் தெரியாது அண்ணாச்சி. எங்களுக்குன்னு இருக்கிற ஒரே ஆளு நீங்கதான்" என்றார். இதற்கு கமிஷன் எல்லாம் கிடையாது என்று பஸ் ஏறும்போதே சொல்லிவிட்டேன்.

ஒரே ஒரு உதவி செய்யுங்கள், சார். இதையெல்லாம் நீங்களாகப் போய் அவரிடம் சொல்லிவிடாதீர்கள். போலீஸ்காரர் வாயால் கேட்டால் மனிதர் தாங்க மாட்டார். கொஞ்சநாள் போகட்டும், நானே பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன். அவர் பக்கம் நிற்பதற்கு என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?