கோபுரத்துக்குச் சீரியல் லைட்

2006, துர்கா பூஜை, பஞ்சமி மாலை. கிடர்பூரில் ஏறிய மினிபஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் ஓர் அக்காவும் தம்பியும். பஸ்ஸில் வேறு யாருக்கும் தமிழ் தெரியாது என்ற நம்பிக்கையில் உரக்கவே பேசினார்கள்.

"அக்கா, நம்ம தெருப் பந்தல்ல அந்தக் கோபுரத்துக்கு சீரியல் லைட் போட்டுட்டாங்க."

"எந்தக் கோபுரம்?"

"பந்தல்களுக்கு நடக்குற தீம் போட்டிக்கு நான் குடுத்த ஐடியாதான். ஜப்பான் அனிமே தொடர்ல ஊரையே வேவு பாக்குமே, அந்தக் கோபுரம். உள்ள வர்றவங்க பயப்படணும்னு இருட்டா கட்டச் சொன்னேன். இப்ப ஜிகுஜிகுன்னு இருக்கு. வாசல்ல ஊதுபத்தி கம்பெனி பேனர் வேற."

"தொடர் எடுத்தவங்களே அப்படித்தானேடா? முதல் சீசன்ல அத இடிக்கணும்னாங்க. நாலாவதுல?"

"ஹீரோ அதுலயே ஃப்ளாட் வாங்கிட்டான். இப்ப அந்தக் கோபுரத்த சாவிக்கொத்துல மாட்டி விக்கிறாங்க."

"நீ வாங்கினியா?"

"ரெண்டு."

அக்கா சிரித்து முடிக்கும்வரை தம்பி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பந்தல் போடுற கிளப் செக்ரட்டரிகிட்ட சண்ட போட்டியா?"

"போனேன். 'கூப் ஷுந்தர்'னு கட்டிப் புடிச்சுக்கிட்டாரு. ரொம்ப அழகா இருக்காம். கோபுரத்துக் காவக்காரன் யூனிபார்ம் போட்டு க்யூவ வெரட்டுறதுக்கும் என்னையே நிக்கச் சொல்லிட்டாரு."

"நின்னு தொல. ஆனா, 'கருத்து'ன்னு போட்டு போர்டுல உன் பேரு இருக்கே, அவமானமா இருந்தா அத இன்னைக்கே எடுக்கச் சொல்லு. நாளைக்கு ஷஷ்டி, ஊரே வந்துடும்."

லேக் கார்டன்ஸ் வந்துவிட்டது. தம்பி எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"எடுக்கலாம்க்கா. முதல்ல பரிசு வருதான்னு பாத்துடுவோம்."